பச்சிளங்குழந்தையின் இரவும் பகலும்

பச்சிளங்குழந்தைக்கு இரவு, பகல் என்ற வேறுபாடு இல்லை. நள்ளிரவில் விழித்துக் கைகால்களை அசைத்துக் கொண்டிருக்கும்; நண்பகலில் வீடு கலகலப்பாக இருக்கும் வேளையில் அயர்ந்து உறங்கும். இதைக் கண்டு இளந்தாய் கலங்குகிறாள். பால் போதவில்லை என்பார் ஒருவர். கண்ணேறு பட்டுவிட்டது என்பார் மற்றொருவர். வயிற்றில் வாயு என்பார் இன்னொருவர். ஆனால் நலமாக உள்ள குழந்தையிடம் காணப்படும் இந்த ஒழுங்கின்மைக்கு இவை காரணமல்ல. இரவையும் பகலையும் பிரித்தறியும் ஆற்றல் பிறக்கும்போதே முழுமை பெற்று வருவதில்லை. பிறந்த பின், பெரும்பாலும் மூன்று மாத காலத்தில், அது படிப்படியாக உருவாகிறது.

இந்த மூன்று மாதங்களில் குழந்தைக்குக் காலத்தைக் கற்பிப்பவை இரண்டு: ஒன்று ஒளி, மற்றொன்று தாய். இவ்விரண்டையும் பற்றி விஞ்ஞானம் இன்று தெளிவான சில செய்திகளைக் கூறுகிறது. அவற்றை நோக்கும்போது, குழந்தையின் உறக்கம் என்பது குழந்தையைப் பழக்குவது பற்றிய சிக்கல் மட்டும் அன்று என்பது புலனாகும். தாயின் இரவையும் பகலையும் குடும்பமும் சமுதாயமும் எந்த அளவுக்குக் காத்துத் தருகின்றன என்பதே அதன் அடிப்படையாகும்.

இரு கடிகாரங்கள் கொண்ட ஊர்

கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டத்தில், கொச்சி நகரை அடுத்து, காயல் நீர் சூழ அமைந்துள்ள சிற்றூர் கும்பளங்கி. சீனவலைகளுக்கும் பொக்காளி வயல்களுக்கும் பெயர் பெற்றது. 2003-ஆம் ஆண்டில் மாதிரிச் சுற்றுலாக் கிராமத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதன் மூலம் நாடெங்கும் அறியப்பட்டது. மழைக்காலத்தில் உவர்ப்பைத் தாங்கும் பொக்காளி நெல், அறுவடைக்குப் பின் அதே வயலில் இறால் வளர்ப்பு என்பது இப்பகுதியின் தொன்றுதொட்ட வேளாண் முறை.

இவ்வூரின் வாழ்க்கை சூரியனை மட்டும் நம்பி நடப்பதன்று. கடலின் ஏற்றமும் வற்றமும் காயலில் புகுந்து நாள்தோறும் நீர்மட்டத்தை மாற்றுகின்றன. ஏற்றத்தில் மதகு வழியாக வயலுக்குள் நீரும் இறால் குஞ்சும் புகுகின்றன. வற்றத்தில் மதகின் வாயில் வலை கட்டி இறால் பிடிக்கப்படுகிறது. ஊன்றுவலைக்காரர்களும் வற்றத்தின் ஓட்டத்தையே எதிர்நோக்குகின்றனர். ஏற்றமும் வற்றமும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்திக்கொண்டே செல்வதால், வேலை நேரமும் அவ்வாறே மாறுகிறது. ஒரு வாரம் மாலையில் இருந்த வேலை மறுவாரம் நள்ளிரவுக்குப் போய்விடும். இறால் உரிக்கும் கொட்டகைகளில் வேலை செய்யும் பெண்களோ விடியுமுன்பே எழவேண்டியவர்கள்.

அண்மை ஆண்டுகளில் மற்றொரு தொல்லையும் சேர்ந்துள்ளது. கொச்சியைச் சூழ்ந்த தாழ்நிலங்களில், கும்பளங்கி உள்பட, பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடலேற்ற நீர் வீட்டு முற்றத்திலும் வீட்டுக்குள்ளும் புகுகிறது. பின்னிரவில் நீர் ஏறினால் படுக்கையைச் சுருட்டிக் கட்டில்மேல் வைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விழித்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரவு இரவாக இல்லாத இத்தகைய வீட்டில்தான், ‘குழந்தைக்கு இரவை எவ்வாறு கற்பிப்பது?’ என்னும் கேள்வி தன் முழுப் பொருளையும் பெறுகிறது. இரவுப்பணிக்குச் செல்லும் ஆலைத் தொழிலாளி, மருத்துவமனைச் செவிலியர், காவலர் ஆகியோரின் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

உடலினுள் ஒரு கடிகாரம்

உயிர்களின் உடலில் காலத்தை அளக்கும் அமைப்பு உண்டு என்னும் கருத்து பழையது. 1729-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெ மெய்ரான், தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்தபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடியதைக் கண்டார். ஒளி இல்லாமலே செடி நேரத்தை அறிந்திருந்தது. இக்கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களைப் பழ ஈக்களில் ஆராய்ந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதரில் இதன் தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே உள்ளது. அது தானே ஓடினால் நாளொன்று 24 மணிக்குச் சற்றுக் கூடுதலாக அமையும். ஆதலால் நாள்தோறும் அதைத் திருத்தி வைக்க வேண்டியுள்ளது. இந்தத் திருத்தத்தைச் செய்வது முதன்மையாகப் பகல் ஒளி. கண்ணின் விழித்திரையில் பார்வைக்கு உரிய செல்களைத் தவிர, ஒளியின் அளவை மட்டும் மூளைக்கு அறிவிக்கும் தனிவகைச் செல்களும் உள்ளன என்பது 2002-ஆம் ஆண்டையொட்டிய ஆராய்ச்சிகளில் தெரியவந்தது. இவை நீலம் கலந்த வெண்ணொளிக்கு மிகுதியாகவும் மஞ்சள், செவ்வொளிக்குக் குறைவாகவும் எதிர்வினை காட்டுகின்றன. இருள் சூழ்ந்ததும் மூளையின் பீனியல் சுரப்பி மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. இரவு வந்துவிட்டது என்று உடல் முழுவதற்கும் பறையறைவது அதுவே.

கருவறையில் இருக்கும்போது குழந்தைக்குத் தாயின் மெலடோனின் நஞ்சுக்கொடி வழியாகக் கிடைக்கிறது. தாயின் உடல்வெப்பம், அசைவு, உணவு நேரம் ஆகியனவும் இரவு பகலைக் குழந்தைக்கு உணர்த்துகின்றன. பிறந்ததும் இத்தொடர்பு அறுபடுகிறது. குழந்தையின் சொந்தச் சுரப்போ ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில்தான் இரவு பகல் ஒழுங்கைப் பெறுகிறது. இடைப்பட்ட காலத்தில் குழந்தை கடிகாரமற்ற நிலையில் உள்ளது எனலாம்.

ஆனால் இயற்கை ஒரு பாலத்தையும் அமைத்து வைத்துள்ளது. தாய்ப்பாலில் மெலடோனின் இரவில் காணப்படுகிறது; பகலில் மிகக் குறைந்து விடுகிறது. ஆக, இரவுப் பாலும் பகற்பாலும் ஒன்றல்ல. குழந்தை பாலோடு சேர்த்து இரவின் அறிகுறியையும் பருகுகிறது. இரவில் நெடுநேரம் பிரகாசமான விளக்கின் கீழ் விழித்திருந்தால் தாயின் சுரப்புக் குறையும் என்பதால், இங்கேயே தாயின் இரவு குழந்தையின் இரவோடு பிணைக்கப்படுகிறது.

மதுரையில் நடந்த ஆராய்ச்சி

தாயே கடிகாரமாக அமைய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி சான்று தருகிறது. இந்தியாவில் உயிர்க்காலவியல் துறையை வளர்த்த எம்.கே. சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தம் மாணாக்கருடன் வௌவால்களையும் வயலெலிகளையும் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். மதுரையை அடுத்த குகையொன்றில், வெளிச்சமே புகாத பகுதியில் கூண்டில் வைக்கப்பட்ட வௌவால், ஒளியைக் காணாமலே, தன் கூட்டத்தார் மாலையில் வெளியேறுவதையும் விடியலில் திரும்புவதையும் கொண்டு தன் கடிகாரத்தைச் சரிசெய்து கொண்டது. கூட்டத்தின் தொடர்பு இல்லாதபோது அதன் நாள் சூரியனை விட்டு விலகத் தொடங்கியது.

இதனைத் தொடர்ந்து என். விசுவநாதனும் சந்திரசேகரனும் வயலெலிக் குட்டிகளைக் கொண்டு மற்றொரு சோதனை நடத்தினர். இரவு பகல் மாற்றமில்லாத ஒரே சீரான மங்கலொளியில் குட்டிகள் வைக்கப்பட்டன. ஒளியினால் நேரத்தை அறிய அவற்றுக்கு வழியில்லை. தாய் எலி மட்டும் குறித்த நேரங்களில் குட்டிகளிடம் விடப்பட்டது; குறித்த நேரங்களில் அகற்றப்பட்டது. குட்டிகள் வளர்ந்து இயங்கத் தொடங்கியபோது அவற்றின் ஓய்வும் இயக்கமும் தாயின் வருகை, பிரிவு ஆகியவற்றின் ஒழுங்கிற்கு ஏற்ப அமைந்திருந்தன. 1985-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியான இந்த ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது.

எலிக்கு உண்மையானதெல்லாம் மனிதக் குழந்தைக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்வது சரியன்று. எனினும் அடிப்படைக் கருத்து தெளிவானது. கண் திறந்து உலகை அறியுமுன்பே, தன்னைப் பேணுபவரின் ஒழுங்கையே குட்டி தன் ஒழுங்காக ஏற்கிறது. பேணுபவரிடம் ஒழுங்கு இருக்குமாயின் குட்டிக்கும் அது கிட்டும்.

முதல் மூன்று மாதங்கள்

பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை உறங்கும். குழந்தைக்குக் குழந்தை இது வேறுபடும். ஆனால் இந்த உறக்கம் தொடர்ச்சியானதன்று. இரண்டு, மூன்று மணிக்கு ஒரு முறை குழந்தை விழிக்கிறது. வயிறு சிறியது, தாய்ப்பால் விரைவில் செரித்துவிடுகிறது, ஆகவே பசி எழுப்புகிறது. இது குறையன்று, உயிர்காக்கும் ஏற்பாடு. இரவில் பாலூட்டுவது தாய்க்குப் பால் சுரப்பு நிலைபெறவும் உதவுகிறது. எனவே முதல் வாரங்களில் இரவுப் பாலை நிறுத்த முயல்வது தவறு.

பெரியவர்களின் உறக்கச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். குழந்தையினுடையது 50 முதல் 60 நிமிடம். அதில் பாதி ‘இயங்கு உறக்கம்’ என்று கூறத்தக்க நிலையாகும். அந்நிலையில் குழந்தை முகத்தைச் சுளிக்கும், சிரிக்கும், முனகும், கைகால்களை உதறும். மூச்சும் சீராக இராது. விழித்துவிட்டதென்று எண்ணித் தூக்கினால் உண்மையிலேயே விழித்துக் கொள்ளும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தானே அமைதியடையும். இந்த ஒரு செய்தியை அறிந்திருப்பதே பல வீடுகளில் தாய்க்கு இரவில் ஒரு மணி நேர உறக்கத்தை மீட்டுத் தரும்.

ஆறாம் வாரத்தையொட்டி அழுகை உச்சத்தை அடைகிறது; குறிப்பாக மாலை வேளைகளில் மிகுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962-ல் இதனைப் பதிவு செய்தார். அதன் பின் படிப்படியாக அழுகை குறைகிறது. இதே காலத்தில் நீண்ட உறக்கம் பகலிலிருந்து இரவுக்கு நகரத் தொடங்குகிறது. சில குழந்தைகளின் உறக்கம், கும்பளங்கிக் காயலின் நீரேற்றம் போல், நாளுக்கு நாள் சற்றே பிந்திக்கொண்டு சென்று, பின்னரே சூரியனோடு இணைகிறது. மூன்றாம் மாத முடிவில் பல குழந்தைகள் இரவில் ஐந்து மணி நேரம் வரை தொடர்ந்து உறங்குகின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இக்கணக்கை எதிர்பார்த்த பிரசவ நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவது, பகல் பகலாக இருக்க வேண்டும். பிரசவித்த தாயையும் குழந்தையையும் காற்றும் ஒளியும் புகாத அறையில் பல நாட்கள் வைத்திருக்கும் வழக்கம் சில இடங்களில் நீடிக்கிறது. ஓய்வு தருவது என்னும் அதன் நோக்கம் நல்லது, இருட்டு தேவையற்றது. காலையில் சன்னலைத் திறந்து வைத்து, வெயில் நேரடியாகப் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் குழந்தையைக் கிடத்தலாம். 2004-ல் பிரிட்டனில் இவான் ஹாரிசன் வெளியிட்ட ஆய்வில், இரவில் நன்கு உறங்கிய குழந்தைகள் மற்றவற்றைவிடப் பிற்பகலில் கூடுதலான ஒளியைப் பெற்றிருந்தன என்று தெரியவந்தது. பகலில் குழந்தை உறங்கும்போது வீட்டின் இயல்பான ஓசைகளை அடக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, இரவு இரவாக இருக்க வேண்டும். மாலைக்குப் பின் விளக்குகளைக் குறைக்க வேண்டும். இரவில் பாலூட்டவும் துணி மாற்றவும் மங்கலான மஞ்சள் விளக்கே போதுமானது; அதையும் குழந்தையின் கண்ணில் படாதவாறு தாழ்வாக வைப்பது நன்று. வெண்ணொளிக் குழல்விளக்கும் கைப்பேசித் திரையும் குழந்தைக்கும் தாய்க்கும் ஒருங்கே கேடு செய்வன. இரவில் பாலூட்டும்போது கொஞ்சிப் பேசுவதும் விளையாட்டுக் காட்டுவதும் தவிர்க்கத்தக்கவை. அவை பகலுக்கு உரியவை.

மூன்றாவது, நிகழ்ச்சிகளின் வரிசை மாறாதிருக்க வேண்டும். கேரளத்தில் குழந்தைக்குத் தேங்காயெண்ணெய் தடவிப் பகலில் நீராட்டும் வழக்கமும், உறங்கும் வேளையில் தாலாட்டும் வழக்கமும் இதற்குத் துணை செய்கின்றன. 1813-ல் பிறந்த இளவரசர் சுவாதித் திருநாளுக்காக இரயிம்மன் தம்பி இயற்றிய தாலாட்டு இன்றும் மலையாள வீடுகளில் பாடப்படுகிறது. எந்தப் பாட்டு என்பது பொருட்டன்று; ஒரே பாட்டு, ஒரே குரல், ஒரே வேளை என்பதே பொருட்டு. கடிகார நேரத்தைப் பின்பற்ற இயலாத வீடுகளிலும் வரிசையைப் பின்பற்ற இயலும். தந்தை நள்ளிரவில் வலைக்குச் செல்பவராயின், அவர் புறப்படும் விளக்கும் பேச்சும் தாயும் குழந்தையும் படுக்கும் இடத்தை எட்டாதவாறு அமைத்துக் கொள்வதே முதற்கடமை.

நான்காவது, உறங்கும் முறை பாதுகாப்பாக இருக்க வேண்டும். குழந்தையை மல்லாந்தே படுக்க வைக்க வேண்டும். 1994-ல் அமெரிக்காவில் இவ்வறிவுரை நாடளாவிய இயக்கமாகப் பரப்பப்பட்ட பின், உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. படுக்கை சமமாகவும் இறுக்கமாகவும் இருத்தல் வேண்டும். தலையணை, தடித்த போர்வை, பஞ்சுப் பொம்மை ஆகியன அருகில் வேண்டா. தூளியில் இடும்போது தாடை மார்பில் அழுந்தி மூச்சுத் தடைபடாதவாறு கவனித்தல் வேண்டும். முதல் மாதங்களில் குழந்தை தாயின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்குவது விரும்பத்தக்கது. புகைப்பவர், மது அருந்தியவர் அருகில் குழந்தையைப் படுக்க வைத்தல் ஆகாது.

உறக்கமா, நோயா?

அழாமல் நெடுநேரம் உறங்கும் குழந்தையை ‘நல்ல பிள்ளை’ என்று பாராட்டுவது வழக்கம். முதல் வாரங்களில் இப்பாராட்டு ஆபத்தானதாக முடியக்கூடும். எழுப்பினாலும் விழிக்காமல், பால் குடிக்க ஊக்கமின்றித் துவண்டு கிடப்பது கிருமித் தொற்று, மிகுதியான மஞ்சள் காமாலை, இரத்தத்தில் சர்க்கரை குறைதல் ஆகியவற்றின் அறிகுறியாக இருக்கலாம். உடல் குளிர்ந்திருத்தல், காய்ச்சல், வேகமான மூச்சு, மார்பு உள்வாங்குதல், வலிப்பு ஆகியனவும் அபாயக் குறிகளே. இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். காமாலைக்கு வெயிலில் காட்டுவது சிகிச்சையாகாது. பிறந்த எடையை மீண்டும் எட்டும் வரை, குழந்தை மூன்று நான்கு மணிக்கு மேல் உறங்கினால் எழுப்பிப் பாலூட்டுவது நன்று.

பம்பாய் தந்த பாடம்

தாய்க்கு ஓய்வும் உதவியும் இல்லாதபோது குழந்தையின் உறக்கம் எவ்வாறு விலைக்கு வாங்கப்படுகிறது என்பதற்கு இந்தியத் தொழில் வரலாற்றில் துயரமான சான்று உண்டு. 1920-களில் பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் வேலை செய்த பெண்கள், தாம் வேலையில் இருக்கும் நேரம் குழந்தை அழாமல் கிடப்பதற்காக அபினியைச் சிறு உருண்டையாக்கிக் கொடுத்தனர். அரசு நியமித்த பெண் மருத்துவர் பார்ன்ஸ் இதனை ஆராய்ந்து, ஆலைத் தொழிலாளிப் பெண்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அபினி கொடுக்கப்படுவதாக அறிவித்தார். தொழிலாளர் நிலை பற்றி ஆராய்ந்து 1931-ல் அறிக்கை அளித்த விட்லி ஆணைக்குழுவும் இக்கொடுமையைக் கவனத்திற்குக் கொண்டு வந்தது. இடைக்காலத்தில் 1929-ல் பம்பாய் மாகாணம் மகப்பேறு உதவிச் சட்டத்தை இயற்றியது.

அந்தத் தாய்மார் அன்பற்றவர்கள் அல்லர். வேலையையும் குழந்தையையும் ஒருங்கே காக்க அவர்களுக்கு வேறு வழி விடப்படவில்லை. இன்று அபினி மறைந்துவிட்டது; ஆனால் உறங்க வைப்பதற்காக இருமல் மருந்தும், சாராயத் துளியும், கடையில் விற்கும் வயிற்று நீர்களும் கொடுக்கும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், மருத்துவர் கூறினாலன்றி, தேவையில்லை. பச்சிளங்குழந்தையை உறங்க வைக்கும் பாதுகாப்பான மருந்து என்று எதுவும் இல்லை.

தாயின் உறக்கம்

குழந்தையின் கடிகாரம் அமைய மூன்று மாதங்கள் ஆகுமெனின், அந்த மூன்று மாதங்களைத் தாங்க வேண்டியவள் தாய். உறக்கமின்மை அவளுடைய மனநிலையைத் தாக்குகிறது. கோவாவில் விக்ரம் பட்டேல் முதலியோர் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்திற்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்களில் 23 சதவீதத் தாய்மாருக்கு மனச்சோர்வு நோய் காணப்பட்டது. வறுமை, கணவரின் கொடுமை, பெண் குழந்தை பிறந்ததால் ஏற்படும் புறக்கணிப்பு ஆகியன அதனை மிகுவித்தன. உறக்கம் மட்டுமே இதற்குக் காரணமன்று. ஆனால் குழந்தை உறங்கும்போதும் உறங்க இயலாத தாய், எதிலும் நாட்டமற்ற தாய், தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளும் தாய் ஆகியோருக்கு மருத்துவ உதவி தேவை என்பதைக் குடும்பத்தார் உணர வேண்டும்.

பிரசவத்திற்குப் பின் தாய்வீட்டில் தங்கும் வழக்கம் கேரளத்திலும் தமிழகத்திலும் உண்டு. அதன் உண்மையான பயன் மருந்திலும் எண்ணெயிலும் மட்டும் இல்லை. இரவில் குழந்தையை வாங்கிக் கொள்ள இன்னொரு கை இருப்பதில் உள்ளது. தாய்வீட்டு வசதி இல்லாத இடத்தில் அந்தக் கை கணவருடையதாக இருக்க வேண்டும். பாலூட்டுவது ஒன்றே தாய் மட்டும் செய்யத்தக்கது. துணி மாற்றுதல், தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்தல், தாலாட்டுதல் யாவும் மற்றவர் செய்யக்கூடியனவே.

அரசின் பங்கு

குழந்தையைப் பேணும் அறிவை வீட்டு வாயிலுக்குக் கொண்டு செல்வதே பயனளிக்கும் என்பதை மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பாங், ராணி பாங் மருத்துவத் தம்பதியர் நிறுவிக் காட்டினர். பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் வீடுதோறும் சென்று கவனித்ததால் பச்சிளங்குழந்தை மரண விகிதம் 62 சதவீதம் குறைந்தது என 1999-ல் அவர்கள் வெளியிட்டனர். இதன் அடிப்படையில் 2011-ல் நாடளாவிய வீட்டுச் சிசுப் பராமரிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டிற்குச் சென்று பார்க்கிறார். எடை, வெப்பநிலை, பாலூட்டல், அபாயக் குறிகள் ஆகியவற்றைக் கவனிப்பது அவர் பணி.

இந்த ஆறு வருகைகளும் குழந்தையின் கடிகாரம் உருவாகும் காலத்திலேயே அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. பணியாளர் ஒவ்வொரு முறையும் மேலும் இரு கேள்விகளைக் கேட்பாரானால் செலவின்றியே பெரும்பயன் விளையும். ‘இரவில் எந்த விளக்கு எரிகிறது?’ என்பது ஒன்று. ‘நேற்று இரவு தாய் எத்தனை மணி நேரம் உறங்கினார்?’ என்பது மற்றொன்று. மூன்றாம் மாதத்தில் 2018-ல் தொடங்கிய இளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின் வருகை தொடர்கிறது.

விடுப்பும் இன்றியமையாதது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, முதல் இரு குழந்தைகளுக்கு 12 வாரமாக இருந்த ஊதிய விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகமும் கட்டாயமாக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த 26 வாரத்தை ஏற்றுள்ளது. ஆனால் இறால் உரிக்கும் தினக்கூலிப் பெண்ணுக்கும் வலை பழுதுபார்க்கும் பெண்ணுக்கும் இத்தகைய விடுப்பு நடைமுறையில் எட்டுவதில்லை. பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்தின் கீழ் முதல் குழந்தைக்கு வழங்கப்படும் 5,000 ரூபாய் ஓரளவு துணையே தவிர, மூன்று மாதக் கூலிக்கு ஈடாகாது.

கேரளத்தின் சிசு மரண விகிதம் 2020-ல் ஆயிரம் பிறப்புக்கு 6. அதே ஆண்டில் நாட்டின் சராசரி 28. குழந்தை உயிர் பிழைப்பதை உறுதி செய்த மாநிலம், அடுத்ததாக அக்குழந்தை நலமாக வளர்வதையும் அதன் தாய் நலமாக இருப்பதையும் நோக்க வேண்டிய கட்டத்தை எட்டியுள்ளது. கும்பளங்கி போன்ற ஊர்களில் கடலேற்ற வெள்ளத்தைத் தடுக்கும் கரைச்சுவரும், உயர்த்திக் கட்டிய வீட்டுத் தளமும் பொறியியல் பணிகளாக மட்டுமே எண்ணப்படுகின்றன. பச்சிளங்குழந்தை உள்ள வீட்டிற்கு அவை அமைதியான இரவையும் தருவன. ஆகவே வெள்ளத் தடுப்புப் பணிகளின் முன்னுரிமையை வகுக்கும்போது, கர்ப்பிணிகளும் பச்சிளங்குழந்தைகளும் உள்ள வீடுகளின் பட்டியல் ஊராட்சியின் கையில் இருப்பது பொருத்தமாகும். அப்பட்டியல் ஆஷா பணியாளரிடமும் அங்கன்வாடியிலும் ஏற்கெனவே உள்ளது.